"இடது கையை எடுங்க சார்!" - 28 வருடங்கள் கிடாரைத் தாங்கிய ஒரு கையின் கதை

மெல்லிசை மேடையில் பாடகர் மேல் வெளிச்சம் விழும். கீபோர்டுக்காரரைப் பார்த்துக் கை தட்டுவார்கள். டிரம்ஸ்காரரைத் தேடிப் பார்க்கவே வேண்டாம், சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அவருக்குப் பக்கத்தில், நீளமான கிடாரை மாட்டிக்கொண்டு அதிகம் அசையாமல் நிற்கும் ஒருவரை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. அவர்தான் பேஸ் கிடாரிஸ்ட்.

அவர் வாசிப்பதை நிறுத்தினால்தான் அவர் இருந்ததே தெரியும். பாட்டுக்கு அடியிலிருந்து தரையை உருவிவிட்டதுபோல் ஆகிவிடும். இளையராஜா பாடல்களை ஹெட்போனில் கேட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாடகர் ஒரு மெட்டில் போய்க்கொண்டிருக்க, கீழே பேஸ் கிடார் தனியாக இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்.

பெரம்பூரைச் சேர்ந்த அந்த பேஸ் கிடாரிஸ்ட்டுக்கு வயது 52. பெயர் வேண்டாம் என்கிறார். "கை சரியில்லைன்னு தெரிஞ்சா அடுத்த புரோகிராமுக்குக் கூப்பிட மாட்டாங்க" என்பது அவர் சொல்லும் காரணம். 28 வருடங்களாகக் கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று வாசித்து வருகிறார். வேறு தொழில் தெரியாது. மகள் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறார்.

வைகாசியில் ஒரு ரிசப்ஷன். மூன்றாவது பாட்டில் அவருடைய இடது கை நின்றுவிட்டது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் மரத்துப்போய்விட்டன. கம்பியை அழுத்துவது தெரிகிறது, அழுத்தம் தெரியவில்லை. ஒரு வரி முழுக்கத் தப்பான ஸ்வரம் விழுந்தது. சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழுவின் தலைவர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

வேனில் சாமான்களை ஏற்றும்போது அந்தப் பேச்சு வந்தது. "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுங்க. அதுவரைக்கும் பேஸை கீபோர்டுலயே போட்டுக்கலாம்."

பேஸ் கிடாரிஸ்ட்டுகளுக்கு இதைவிடப் பயங்கரமான வாக்கியம் கிடையாது. கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பேஸ் பகுதியை வாசித்துவிட முடியும். ஒரு ஆள் சம்பளம் மிச்சம். வேனில் ஒரு சீட் மிச்சம். ரெண்டு மாதம் அப்படி ஓடிவிட்டால், மூன்றாவது மாதம் எதற்குக் கூப்பிடப்போகிறார்கள்? ஆடி மாத அம்மன் கோயில் கச்சேரிகள்தான் வருஷத்தில் அவருக்குக் கொஞ்சம் காசு பார்க்கும் காலம். ஆடிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

ஒரு குறுகிய சந்து

டாக்டர் அவர் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், நரம்புப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு எளிமையாகவே விளக்கினார். மணிக்கட்டுக்குள் எலும்பும் தசைநாரும் சேர்ந்த ஒரு குறுகலான சந்து இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போயாக வேண்டும். மணிக்கட்டை வளைத்தபடியே பல மணி நேரம் அழுத்தி வேலை செய்தால் சந்துக்குள் நெரிசல் கூடும். நெரிசலில் முதலில் மாட்டுவது அந்த நரம்பு. கட்டை விரலிலிருந்து நடு விரல் வரை மரத்துப்போவது அதனால்தான்.

இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிசியோதெரபிக்கு அனுப்பினார். ஆபரேஷன் என்பது கடைசியில் பார்க்க வேண்டியது என்றார்.

பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம்பெண். இரண்டாவது நாளே கேட்டார். "சார், நாளைக்கு வரும்போது கிடாரைக் கொண்டு வர முடியுமா?"

கொண்டு போனார். பெல்ட்டை மாட்டி, வழக்கம்போல் நின்றார். இரண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் திடீரென்று சொன்னார்: "அப்படியே நில்லுங்க. இப்ப இடது கையை எடுங்க சார்!"

எடுத்தார். கிடாரின் தலைப்பக்கம் சரிந்து தரையை நோக்கி இறங்கியது. அனிச்சையாக மறுபடியும் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? உங்க இடது கை வாசிக்க மட்டும் செய்யலை. கிடாரையும் தூக்கிட்டு நிக்குது."

28 வருடங்களில் ஒருநாள்கூட அவருக்கு இது தோன்றியதில்லை. எப்போதும் கை அங்கேயே இருந்ததால், கிடார் விழப்பார்க்கிறது என்பதே தெரியாமல் போய்விட்டது. ஒரு கைக்கு அவர் கொடுத்திருந்தது ஒரு வேலை. அது செய்துகொண்டிருந்தது இரண்டு.

கிணற்றுத் துலாவும் கிடாரும்

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். "அப்பா, இது வெறும் துலாப்பா" என்றார் மகள். பாட்டி ஊர்க் கிணற்றில் பார்த்த துலாவைத்தான் சொன்னார். நடுவில் ஒரு தாங்கல், இரண்டு பக்கமும் எடை. நீளமான பக்கத்தின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டினாலும் அந்தப் பக்கம் சாயும். எடை எவ்வளவு என்பதோடு, தாங்கலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் கணக்கு.

பேஸ் கிடாருக்கும் இதே கணக்குதான். சாதாரண கிடாரைவிட இதன் கம்பி நீளம் அதிகம். பாலத்திலிருந்து கழுத்தின் நுனி வரை 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டர் சொச்சம் என்பதுதான் பெரும்பாலான பேஸ்களின் அளவு. அந்த நீளக் கழுத்துக்கும் அப்பால் தலை. அதில் தடித்த கம்பிகளை முறுக்கும் கனமான இரும்பு ட்யூனிங் கீகள். பெல்ட் மாட்டும் குமிழ் ஒன்று உடம்பின் மேல்பக்கக் கொம்பின் நுனியில், இன்னொன்று பின்னால். கிடார் தொங்குவது இந்த இரண்டில்தான். மேல்கொம்பு நீளமாக, ஏறக்குறைய கழுத்தின் 12-வது ஃப்ரெட் வரை எட்டினால் பாரம் இரண்டு பக்கமும் சமமாகும். கொம்பு குட்டையாக இருந்தால் தலை சாயும். கிடார் உலகத்தில் இதற்கு 'நெக் டைவ்' என்று பெயரே உண்டு.

இவருடையது பெயர் தெரியாத கம்பெனியின் ஐந்து கம்பி பேஸ். புதுப் பாடல்களுக்குக் கீழ் ஸ்வரங்கள் அதிகம் தேவைப்படுகின்றன என்று பத்து வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உடம்பு லேசான மரம், கொம்பு குட்டை, தலையில் ஐந்து கீ. சாய்வதற்கு வேண்டிய எல்லாமும் அதில் இருந்தது.

"அப்போ இதைச் செஞ்சவனுக்கு இது தெரியாதா?" என்று கேட்டார் அவர்.

கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் தேடினால், அமெரிக்காவில் இரண்டு பேருடைய கதை வந்து நிற்கிறது. இருவருமே கிடார் வாசிப்பவர்கள் அல்ல.

ரேடியோ மெக்கானிக்கும் நாற்காலி செய்தவரும்

முதலாமவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கடைசி வரை கிடார் வாசிக்க வராது. அந்தக் காலத்தில் பேஸ் என்றால் ஆளுயர டபுள் பேஸ்தான். நின்றபடி கட்டிப்பிடித்து வாசிக்க வேண்டும், காரில் ஏற்றுவதே ஒரு கச்சேரி. 1951-ல் ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சார பேஸ் கிடாரைக் கொண்டுவந்தார். அவருக்கு முன்பே 1930-களில் சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் இப்படி ஒன்றைச் செய்திருந்தார். ஆனால் பரவியது ஃபெண்டருடையதுதான். தோளில் மாட்டலாம். வீணையில் மெட்டுகள் இருப்பதுபோல் கழுத்தில் ஃப்ரெட்டுகள் இருப்பதால் ஸ்வரம் துல்லியமாக விழும். 'பிரிசிஷன்' என்ற பெயர் வந்ததும் அதனால்தான். 34 அங்குலக் கணக்கும் அவர் போட்டதுதான்.

முதல் பிரிசிஷன் பேஸின் உடம்பு பலகைபோலத் தட்டையானது. ஓரங்கள் விலாவிலும் முன்கையிலும் குத்தின. 1954-ல் வயிறு படும் இடத்தையும் முன்கை படும் இடத்தையும் சரிவாகச் செதுக்கினார்கள். 1960-ல் 'ஜாஸ் பேஸ்' வந்தபோது கழுத்தின் நுனி அகலத்தைக் குறைத்தார்கள். பிரிசிஷனில் சுமார் 44 மில்லிமீட்டர், ஜாஸில் சுமார் 38. ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சின்னக் கை உள்ளவர்களைக் கேட்டால், இரவு முழுக்க வாசிப்பதற்கும் பாதியில் கையை உதறுவதற்கும் உள்ள தூரம் அது என்பார்கள்.

இரண்டாமவர்தான் இந்தக் கதைக்கு முக்கியமானவர். பெயர் நெட் ஸ்டைன்பர்கர். அப்பா ஜாக் ஸ்டைன்பர்கர், 1988-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மகன் படித்தது சிற்பக்கலை, செய்தது மரச்சாமான்கள். 1970-களில் நியூயார்க்கின் புரூக்ளினில் மரவேலைக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு பொதுப் பட்டறையில் அவரும் வேலை பார்த்தார். அதே பட்டறையில் ஸ்டூவர்ட் ஸ்பெக்டர் என்பவர் பேஸ் கிடார் செய்துகொண்டிருந்தார். அவருக்காக நெட் ஒரு கிடாரை வடிவமைத்தார்.

நாற்காலி செய்பவர் முதலில் பார்ப்பது, உட்காரப்போகிற உடம்பைத்தான். கிடாரையும் அவர் அப்படித்தான் பார்த்தார். மனித உடம்பு தட்டையாக இல்லையே, கிடாரின் முதுகு மட்டும் ஏன் தட்டையாக இருக்க வேண்டும்? 1977-ல் வந்த அந்த பேஸின் பின்பக்கம் உள்ளே குழிந்து, வாசிப்பவரின் விலாவோடு ஒட்டி உட்கார்ந்தது. அவருடைய பெயரின் முதல் எழுத்துகளையே வைத்து 'என்.எஸ்' என்று பெயரிட்டார்கள்.

அதோடு அவர் நிற்கவில்லை. அடுத்த கேள்விதான் இந்தப் பெரம்பூர்க்காரருக்குத் தேவையான கேள்வி. கழுத்து ஏற்கெனவே நீளம். அதன் நுனியில் எதற்கு இவ்வளவு இரும்பு?

ட்யூனிங் கீகளைத் தலையிலிருந்து எடுத்து, உடம்பின் கடைசியில், பாலத்துக்குப் பின்னால் வைத்தார். கீயே இல்லாத தலைக்கு வேலை என்ன? தலையையே எடுத்துவிட்டார். கழுத்து நுனியில் கம்பிகளை மாட்ட ஒரு சின்னக் கொக்கி மட்டும் மிஞ்சியது. பாரமான தலை போனதும், அதற்கு ஈடாக இருந்த பெரிய உடம்பும் தேவையில்லாமல் போனது. மிஞ்சியது படகுத் துடுப்புபோல ஒரு பொருள்.

தோளில் மாட்டுவதற்குப் பின்பக்கம் சுழலும் தட்டு ஒன்றை வைத்தார். எந்தக் கோணத்தில் விட்டாலும் அந்தக் கோணத்திலேயே நிற்கும். உடம்பு சின்னதாகிவிட்டதால் உட்கார்ந்து வாசிப்பவர்களின் தொடையில் நிற்காது. அதற்கு மடக்கி விரிக்கும் சின்னத் தாங்கியும் உண்டு. பார்த்தவர்களில் சிலர் சிரித்தார்கள்தான். ஆனால் 1981-ல் அமெரிக்கத் தொழில் வடிவமைப்பாளர்கள் சங்கம் அதற்கு விருது கொடுத்தது. ஸ்டிங், கெடி லீ, டோனி லெவின் போன்ற பெரிய பேஸ் கலைஞர்கள் அதை மேடையில் வாசித்தார்கள்.

கிடார் வாசிக்கத் தெரியாத இந்த இருவருக்கும் ஒரு வசதி இருந்தது. 'இது இப்படித்தான் இருக்கும்' என்று அவர்களுடைய கைகள் பழகியிருக்கவில்லை. வலியைப் பழக்கம் என்று நினைக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

கழுத்துக்குள் என்ன இருக்கிறது?

மகள் போனில் காட்டிய தலையில்லாக் கிடாரைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். "முண்டம் மாதிரி இருக்கு. இதை மாட்டிட்டு அம்மன் கோயில்ல ஏறினா, கிடாரை உடைச்சுட்டான்னு சொல்வாங்க."

விலையும் கட்டுப்படியாகாது. ஸ்டைன்பர்கர் பேஸுக்கு இரண்டு முனையிலும் குண்டு வைத்த தனி வகைக் கம்பி. கச்சேரிக்கு நடுவில் அறுந்தால் எந்த ஊரில் போய் வாங்குவது? ஆனால் அந்தக் கேள்வி மட்டும் அவர் மனதில் தங்கிவிட்டது. நுனியில் எதற்கு இவ்வளவு இரும்பு?

கிடாரைத் தூக்கிக்கொண்டு, முப்பது வருடமாகப் பழக்கமுள்ள ரிப்பேர்க்காரரிடம் போனார். அறுபதைத் தாண்டிய மனிதர், எல்லோருக்கும் மாஸ்டர். கதையைக் கேட்டுவிட்டு அவர் முதலில் பார்த்தது தலையை அல்ல, கழுத்தை.

"கம்பியை அழுத்த எவ்வளவு பலம் போடுறீங்க?" என்று கேட்டார். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டினார். விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தாலே போதும். இவருடையதில் ஏறக்குறைய ஒரு தீக்குச்சியே நுழைந்தது.

பேஸ் கிடாரின் நான்கு கம்பிகள் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுவிசையோடு கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கும். ஐந்து கம்பி என்றால் இன்னும் அதிகம். ஒரு வளர்ந்த ஆள் இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருப்பதுபோல. அதைத் தாங்குவது, கட்டை விரல் சுற்றிப் பிடிக்கும் அளவே உள்ள ஒரு மரத்துண்டு. கழுத்தைத் தடிமனாக்கினால் வளையாது, ஆனால் கை பிடிக்காது. மெல்லியதாக்கினால் கைக்குச் சுகம், ஆனால் வில்லாக வளையும். கழுத்து செய்பவர்களின் நூறு வருடப் பாடு இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இதற்காகவே கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பியைப் புதைத்தார்கள். பெயர் ட்ரஸ் ராட். 1920-களில் கிப்ஸன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ இதற்குக் காப்புரிமை வாங்கினார். கம்பிகள் ஒரு பக்கம் இழுக்க, உள்ளே இருக்கும் இரும்பு எதிர்ப்பக்கம் இழுக்கும். ஒரு முனையில் உள்ள திருகை எல்-கீயால் திருப்பி அதைக் கூட்டலாம், குறைக்கலாம். மரம் ஈரத்துக்கு உப்பும், காய்ச்சலுக்குச் சுருங்கும். கடற்கரை ஊரின் மழைக்காலம், ஏ.சி மண்டபம், வெயிலில் நிற்கும் வேன் என்று மாறி மாறிப் பட்டால் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக வளையத்தான் செய்யும். வளைந்தால் கம்பி உயரும். உயர்ந்தால் விரல் அதிகமாக அழுத்த வேண்டும். ஏற்கெனவே நெரிசலில் இருக்கும் மணிக்கட்டுக்கு இது இன்னொரு சுமை.

கழுத்தை உடம்போடு சேர்ப்பதிலும் வகைகள் உண்டு. வீணை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தஞ்சாவூரில் ஒரே பலா மரத்தில் குடமும் தண்டியும் சேர்த்துக் குடைவது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்ப்பது ஒட்டு வீணை. கிடாரிலும் அப்படித்தான். கழுத்தைத் தனியாகச் செய்து நாலு திருகால் முடுக்குவது ஃபெண்டர் வழி. பழுதானால் கழற்றி மாற்றிவிடலாம். பசை போட்டு ஒட்டுவது இன்னொரு வழி. கழுத்து மரமே தலையிலிருந்து வால் வரை ஓடி, உடம்பை இரண்டு பக்கமும் இறக்கைபோல ஒட்டுவது மூன்றாவது. 1957-ல் வந்த ரிக்கன்பேக்கர் 4000 பேஸ் இந்த வகை. இதில் கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் கட்டை மாதிரித் துருத்திக்கொண்டு எதுவும் இருக்காது. மேல் ஸ்வரங்களுக்குக் கை வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கழுத்து கெட்டால் கிடாரே கெட்டது.

மரமே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. விண்வெளி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஜெஃப் கூல்ட், 1970-களின் நடுவில் கார்பன் நாரால் பேஸ் கழுத்து செய்ய ஆரம்பித்தார். ஸ்டைன்பர்கர் கழுத்து, உடம்பு இரண்டையுமே கார்பன் நாரும் எப்பாக்ஸிப் பசையும் சேர்த்து வார்த்தார். மழைக்கு உப்பாது, வெயிலுக்குச் சுருங்காது.

மாஸ்டருக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் கையில் இருந்தது, ஒரு பழைய ஐந்து கம்பி கிடாரும் ஒரு எல்-கீயும்தான்.

ஒரு தேக்குத் துண்டு

திருகைக் கால் சுற்று திருப்பினார். கிடாரை வைத்துவிட்டு மறுநாள் வரச் சொன்னார். "மரம் மெதுவாத்தான் கேக்கும். அவசரப்பட்டு முறுக்கினா உள்ளே உடைஞ்சிடும்." மறுநாள் இன்னொரு கால் சுற்று. பாலத்தில் கம்பிகளை இறக்கினார். கம்பி விரலுக்கு அருகே வந்துவிட்டது.

பிறகு நுனி இரும்பு. பழைய கிடார் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த சின்ன கீகள் ஐந்தை எடுத்தார். மகள் வீட்டுச் சமையலறைத் தராசைக் கொண்டுவந்திருந்தார். பழையவை ஐந்தும் 520 கிராம். புதியவை 310. "இருநூறு கிராம்ல என்ன ஆயிடும்?" என்று கேட்டார் அவர். "துலாவோட நுனியிலப்பா" என்றார் மகள்.

மூன்றாவதாக, மேல்கொம்பு. அதை வளர்க்க முடியாது. மாஸ்டர் ஒரு தேக்குத் துண்டை விரல் நீளத்துக்கு அறுத்து, கொம்பின் பின்னால் இரண்டு திருகால் முடுக்கி, பெல்ட் குமிழை அதன் நுனிக்கு நகர்த்தினார். கறுப்புப் பெயின்ட் அடித்தார். அழகாக இல்லை. கடைசியில், வழவழப்பான நைலான் பெல்ட்டை மாற்றி, உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும் அகலமான தோல் பெல்ட். அது சட்டையைப் பிடித்துக்கொள்ளும், நழுவாது. தோளில் பாரமும் பரவி உட்காரும்.

மொத்தச் செலவு நாலாயிரத்துச் சொச்சம். மாஸ்டர் கூலியில் பாதியை விட்டுக்கொடுத்தார்.

மிச்சம் ஒன்றுதான், அதுதான் கஷ்டமாக இருந்தது. கிடாரை அவர் எப்போதும் தொடை வரை இறக்கித் தொங்கவிட்டே வாசிப்பார். இளைஞனாக இருந்தபோது வெளிநாட்டு இசைக்குழுப் போஸ்டர்களைப் பார்த்துப் பழகியது. கிடார் கீழே போகப் போக இடது மணிக்கட்டு அதிகமாக மடங்கும். பிசியோதெரபிஸ்ட் அதை ஒரு சாண் மேலே ஏற்றச் சொன்னார். உட்கார்ந்து வாசித்தாலும் நின்று வாசித்தாலும் கிடார் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், கழுத்து சற்று மேல்நோக்கி இருக்க வேண்டும், மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். வாரக்கணக்கில் அதைப் பழகினார். கண்ணாடியில் பார்த்தால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தது.

"நல்லாதாங்க இருக்கு" என்றார் மனைவி. அவர் நம்பவில்லை.

கை ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. இன்றும் சில காலைகளில் விரல்கள் மரத்துத்தான் விழிக்கின்றன. இரவில் பட்டை கட்டிக்கொள்கிறார். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு உதறிக்கொள்கிறார். வருஷக்கணக்கில் நெரிந்த நரம்பு ஏழு வாரத்தில் பழைய நிலைக்கு வராது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். இந்த மாதிரி மரத்துப்போதல் இருப்பவர்கள் 'வாசித்து வாசித்துச் சரியாகிவிடும்' என்று தள்ளிப்போடக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

ஆடிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவரே குழுத் தலைவருக்கு போன் செய்தார். "ஒரு ரிகர்சல் வர்றேன். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க." போனார். மூன்று மணி நேரம் வாசித்தார். தலைவர் தேக்குத் துண்டைப் பார்த்து, "என்னண்ணே, கிடாருக்குக் கட்டுப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். வேறெதுவும் சொல்லவில்லை. வேனில் சீட் இருந்தது.

கிடார் கற்றுக்கொள்ளத் தெருப் பையன்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் வருகிறார்கள். முன்பெல்லாம் முதல் பாடம் விரல் வைக்கும் முறை. இப்போது கிடாரை மாட்டிக்கொண்டு வந்து நின்றதும், "இடது கையை எடு" என்கிறார். கிடார் சாய்ந்தால் அன்றைக்கு வாசிப்பு இல்லை. பெல்ட்டைச் சரி செய்வதுதான் பாடம்.

ஆடி இரண்டாவது வெள்ளி. வியாசர்பாடியில் ஓர் அம்மன் கோயில். ஏழாவது பாட்டில் புல்லாங்குழல் தனியாகப் போகும் இடம். பேஸுக்கு எட்டு மாத்திரை ஓய்வு. அவர் இடது கையை எடுத்து, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி, நெற்றி வியர்வையைத் துடைத்தார். கைக்குட்டையை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

கிடார் அப்படியே நின்றது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஒன்பதாவது மாத்திரையில் அவர் சரியாக வந்து சேர்ந்துகொண்டார்.